உம்மும் ஐயும் இல்லாத மொழி: ஆங்கிலக் கமாவும் பாசிவ் வாய்ஸும் பழகும் வழி

ரங்கூனில் எங்கள் ஞாயிற்றுக்கிழமை ஆங்கில வகுப்பு ஒரு கோயில் கூடத்தில் நடக்கிறது. போன மாதம் ஒரு தம்பி நாலாய் மடித்த தாளோடு வந்தான். சிங்கப்பூரில் ஒரு சாப்பாட்டுக் கடை வேலைக்கு எழுதிய விண்ணப்பம். "சயாமா, ஒரு தடவை பாத்துக் குடுங்க" என்றான் (பர்மியத்தில் 'சயாமா' என்றால் டீச்சர்). அதில் இருந்தது இது:

"ஐ ஃபினிஷ்ட் டென்த் ஸ்டாண்டர்ட், ஐ வொர்க்ட் இன் எ டீ ஷாப், ஐ கேன் ஸ்பீக் பர்மீஸ் தமிழ் அண்ட் ஹிந்தி, மை ஃபாதர், இஸ் எ டிரைவர், ஐ பார்ன் இன் பகோ."

ஐந்து கமா. ஐந்தும் தப்பான இடத்தில். வேண்டிய இடத்தில் ஒன்றுகூட இல்லை. ஆனால் இதே வரியைத் தமிழில் சொல்லிப் பாருங்கள், ஒரு குறையும் தெரியாது. அவன் தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறான். பர்மாவில் வளர்கிற நம் பிள்ளைகள் எல்லாருக்கும் வருகிற தப்பு இது. இந்த ஒரு தாளை வைத்துக்கொண்டே கமாவையும் ஆக்டிவ் (செய்வினை), பாசிவ் (செயப்பாட்டுவினை) இரண்டையும் பழகிவிடலாம்.

ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். வாய்விட்டுப் படித்துவிட்டு, நோட்டில் ஆங்கில எழுத்தில் எழுதுங்கள். பாதிப் பயிற்சி அதிலேயே முடிந்துவிடும்.

மூச்சுக்கும் கமாவுக்கும் சம்பந்தம் இல்லை

காற்புள்ளிக்குக் கொஞ்சம் நிறுத்து, முற்றுப்புள்ளிக்கு முழுதாக நிறுத்து என்றுதான் நமக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். பெயரே அப்படி: கால், அரை, முக்கால், முற்று. உரக்கப் படிக்கிறவருக்கு அது சரி. எழுதுகிறவருக்கு அதுவே பள்ளம். மூச்சு வாங்குகிற இடத்தில் எல்லாம் கமா போட்டால் அந்தத் தம்பியின் தாள்தான் வரும்.

பர்மிய எழுத்தில் வாக்கியத்தின் நடுவே ஒரு ஒற்றைக் கோடு போடுவார்களே, அதற்கு 'பொட் ப்யாட்' என்று ஒரு பெயர் உண்டு. 'ப்யாட்' என்றால் வெட்டு. கமா என்கிற சொல்லும் கிரேக்க மொழியில் வெட்டு என்ற பொருளில் இருந்து வந்ததுதான். இரண்டு மொழிக்காரர்களும் அதை வெட்டு என்றே நினைத்திருக்கிறார்கள். நீங்களும் அப்படியே நினையுங்கள். கறி வெட்டுகிறவர் கண்ட இடத்தில் வெட்டமாட்டார், மூட்டு பார்த்து வெட்டுவார். வாக்கியத்தின் மூட்டு எங்கே என்று தெரிந்தால் கமா தானாக வந்து உட்காரும்.

தமிழில் இந்த மூட்டுகளை உருபுகளும் விகுதிகளும் காட்டிவிடுகின்றன. 'உம்' என்றால் சேர்க்கிறோம், 'ஆல்' என்றால் நிபந்தனை முடிந்தது, 'ஐ' என்றால் இது செயப்படுபொருள். நம் ஓலைச்சுவடிகளில் காற்புள்ளி கிடையாது, அச்சு வந்த பிறகுதான் அது வந்தது. அத்தனை நூற்றாண்டும் நாம் அது இல்லாமல் எழுதினோம் என்றால், வேலையைச் சொற்களின் வாலே பார்த்துக்கொண்டது. ஆங்கிலத்தில் அந்த வால் இல்லை. அந்த வேலையைக் கமாவும், சொற்கள் நிற்கிற வரிசையும் பார்க்கின்றன. இனி வருவது எல்லாம் இந்த ஒன்றின் விரிவுதான்.

முதல் வாரம்: வினையைப் பிடியுங்கள்

'சோறு சாப்பிடுகிறேன்.' பர்மியத்தில் 'தமின் சா தே.' இரண்டிலும் வினை கடைசியில். ஆங்கிலத்தில் 'ஐ ஈட் ரைஸ்', வினை நடுவில். அதனால் முதல் ஒரு வாரம் கமாவை நினைக்கவே வேண்டாம். பென்சில் எடுத்து, எந்த ஆங்கில வாக்கியம் கிடைத்தாலும் வினைக்கு அடிக்கோடு போடுங்கள். பிறகு 'யார்? எது?' என்று கேட்டு, அந்த வினைக்குரிய எழுவாயைச் சுற்றி வட்டம் போடுங்கள். பால் டப்பாவில் எழுதியிருப்பது, மருந்து அட்டை, போனில் வருகிற அறிவிப்பு, எதுவானாலும் சரி.

இது பழகியதும் முதல் விதி: வட்டத்துக்கும் அடிக்கோட்டுக்கும் நடுவே ஒற்றைக் கமா வரக்கூடாது. அந்தத் தம்பி 'மை ஃபாதர், இஸ் எ டிரைவர்' என்று எழுதினான். ஏன்? தமிழில் 'என் அப்பா டிரைவர்' என்கிறோம். நடுவில் வினையே இல்லை, அதனால் அப்பாவுக்குப் பிறகு ஒரு சின்ன இடைவெளி விடுகிறோம். அந்த இடைவெளியை அவன் கமாவாக மாற்றிவிட்டான். ஆங்கிலத்தில் அங்கே 'இஸ்' இருக்கிறது. இடைவெளி தேவையில்லை.

எழுவாய் எவ்வளவு நீளமானாலும் இதே விதிதான். 'தி மேன் ஹூ செல்ஸ் பீட்டல் லீவ்ஸ் நியர் அவர் டெம்பிள் இஸ் மை அங்கிள்.' 'டெம்பிள்' வரைக்கும் எழுவாய். மூச்சு முட்டும். முட்டினாலும் அங்கே கமா கிடையாது.

இரண்டு வாக்கியத்தைக் கமாவால் ஒட்ட முடியாது

நம் ஆட்கள் அதிகம் செய்கிற தப்பு இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். 'பத்தாவது முடிச்சேன், டீக்கடையில வேலை பாத்தேன், மூணு பாஷை பேசுவேன்' என்று தமிழில் அடுக்கிக்கொண்டே போகலாம். யாரும் தப்பு சொல்லமாட்டார்கள். ஆங்கிலத்தில் ஒவ்வொரு வட்டமும் அடிக்கோடும் சேர்ந்தால் ஒரு முழு வாக்கியம். இரண்டு முழு வாக்கியங்களைப் பிடித்து நிறுத்தக் கமாவுக்குத் தனியாக பலம் போதாது.

சரி, என்ன செய்வது? புதிதாகப் பழகுகிறவருக்கு என் முதல் யோசனை முற்றுப்புள்ளி. 'ஐ ஃபினிஷ்ட் டென்த் ஸ்டாண்டர்ட். ஐ வொர்க்ட் இன் எ டீ ஷாப்.' சின்ன வாக்கியம் எழுதினால் ஆங்கிலம் தெரியாதவர் என்று நினைப்பார்களோ என்று நிறைய பேர் பயப்படுகிறார்கள். அப்படி யாரும் நினைப்பதில்லை. வேலைக்கு ஆள் எடுக்கிறவர் தெளிவாக இருப்பதைத்தான் முதலில் படிப்பார்.

இரண்டாவது வழி, கமாவோடு ஒரு இணைப்புச் சொல்: அண்ட், பட், ஸோ, ஆர். 'ஐ லைக் தி ஜாப், பட் தி ஷாப் இஸ் ஃபார்.' இரண்டு பக்கமும் எழுவாய், வினை இரண்டும் இருக்கின்றன, அதனால் கமா வந்தது. 'ஐ ஃபினிஷ்ட் ஸ்கூல் அண்ட் வொர்க்ட் இன் எ டீ ஷாப்' என்பதில் 'வொர்க்ட்'டுக்கென்று தனி எழுவாய் இல்லை, முன்னால் நிற்கிற 'ஐ'யே இரண்டுக்கும் போதும். அதனால் கமா இல்லை. 'முடித்து வேலை பார்த்தேன்' என்று வினையெச்சத்தில் சொல்வோமே, அதற்கு நிகரானது இது.

'ஹௌஎவர்', 'தென்', 'தேர்ஃபோர்' மூன்றும் பார்க்க இணைப்புச் சொல் போலவே இருக்கும். ஆனால் இரண்டு வாக்கியத்தைக் கமாவோடு சேர்த்துப் பிடிக்கிற பலம் அவற்றுக்கும் இல்லை. முன்னால் முற்றுப்புள்ளி வைத்துவிட்டு, அவற்றைப் புது வாக்கியத்தில் தொடங்குங்கள்.

ஆல், யின், இஃப்

'மழை பெய்தால் வீட்டில் இருப்போம்.' நிபந்தனை எங்கே முடிகிறது? 'ஆல்' சொல்லிவிடுகிறது. பர்மியத்தில் 'மோ யுவா யின்' என்றால் அந்த 'யின்' சொல்லிவிடும். இரண்டு மொழியிலும் அடையாளம் கடைசியில் இருக்கிறது. ஆங்கில 'இஃப்' தொடக்கத்தில் நிற்கிறது. தொடங்கியது தெரிகிறது, முடிந்தது தெரிவதில்லை. அதைக் காட்டத்தான் கமா: 'இஃப் இட் ரெய்ன்ஸ், வீ வில் ஸ்டே அட் ஹோம்.'

இப்போது திருப்பிப் போடுங்கள்: 'வீ வில் ஸ்டே அட் ஹோம் இஃப் இட் ரெய்ன்ஸ்.' கமா போய்விட்டது. 'இஃப்' தானே நடுவில் வந்து எல்லைக்கல்லாக நிற்கிறது, இன்னொரு கல் எதற்கு? 'வென்', 'பிகாஸ்', 'ஆஃப்டர்' எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் இதே கணக்கு. முன்னால் வந்தால் கமா உண்டு, பின்னால் வந்தால் இல்லை. நோட்டில் ஒரு பக்கம் முழுக்க 'ஆல்' வருகிற தமிழ் வாக்கியங்களை எழுதி, ஒவ்வொன்றையும் இரண்டு விதமாக ஆங்கிலத்தில் எழுதுங்கள். பத்து வாக்கியத்துக்குள் கை பழகிவிடும்.

பட்டியல்

தமிழில் 'பர்மியமும் தமிழும் இந்தியும்' என்றால் ஒவ்வொன்றும் தன் 'உம்'மைத் தானே சுமக்கிறது, சந்தேகத்துக்கே இடம் இல்லை. ஆங்கிலத்தில் ஒரே ஒரு 'அண்ட்', அதுவும் கடைசிக்கு முன்னால். மற்ற இடங்களில் கமா: 'பர்மீஸ், தமிழ், அண்ட் ஹிந்தி.' 'அண்ட்'டுக்கு முன்னால் கமா வேண்டுமா என்று ஆங்கிலேயர்களுக்குள்ளேயே வழக்கு உண்டு. பத்திரிகைகள் பல அதை விட்டுவிடும், ஆக்ஸ்ஃபர்ட் பதிப்பகம் போடும். நான் போடச் சொல்கிறேன், காரணம் இருக்கிறது.

அமெரிக்காவில் மேய்ன் மாநிலத்தின் ஓவர்டைம் சட்டத்தில், எந்தெந்த வேலைக்கு ஓவர்டைம் கூலி கிடையாது என்று ஒரு பட்டியல் இருந்தது. அதன் கடைசியில் 'பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிபியூஷன்' என்று இருந்தது. 'ஆர்'க்கு முன்னால் கமா இல்லை. விநியோகம் ஒரு தனி வேலையா, அல்லது விநியோகத்துக்காகப் பொட்டலம் கட்டுவதைத்தான் சொல்கிறதா? பால் வண்டி ஓட்டுநர்கள் இதைப் பிடித்துக்கொண்டு வழக்குப் போட்டார்கள். 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அடுத்த ஆண்டு கம்பெனி 50 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. ஒரு 'உம்' இருந்திருந்தால் அந்த வழக்கே வந்திருக்காது.

தம்பி ஒருவனா, இரண்டு பேரா?

இது கொஞ்சம் நுட்பம். ஆனால் விசா தாள் நிரப்புகிறவர்களுக்குக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். 'மை பிரதர் ஹூ லிவ்ஸ் இன் சிங்கப்பூர் இஸ் எ குக்.' கமா இல்லை. எனக்குச் சில தம்பிகள் உண்டு, அவர்களில் சிங்கப்பூரில் இருக்கிறவனைச் சொல்கிறேன் என்று பொருள். 'மை பிரதர், ஹூ லிவ்ஸ் இன் சிங்கப்பூர், இஸ் எ குக்.' இரண்டு கமா. எனக்கு ஒரே தம்பி, அவன் சமையல்காரன், போகிற போக்கில் அவன் எங்கே இருக்கிறான் என்றும் சொல்லிவிட்டேன். தமிழில் 'சிங்கப்பூரில் இருக்கிற என் தம்பி' என்றால் இந்த வித்தியாசம் தெரியாது.

இந்தக் கமாக்கள் ஜோடியாகத்தான் வரும், பெட்டியின் இரண்டு காதுகள் மாதிரி. இரண்டையும் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். மீதி வாக்கியம் உடையாமல் நின்றால் போட்டது சரி. எழுவாய்க்கும் வினைக்கும் நடுவே ஒற்றைக் கமா கூடாது என்றேன், இப்படி ஜோடியாக வந்தால் தடை இல்லை.

மீதி சில்லறை விஷயங்கள். யாரையாவது விளித்தால் கமா: 'தேங்க் யூ, சயாமா.' கடிதத் தொடக்கத்தில் 'டியர் சர்' என்பதற்குப் பிறகும் கமா போடலாம். எண்களில் நம் பெரியவர்கள் லட்சக் கணக்கில் 1,50,000 என்று பிரிப்பார்கள். பர்மியர்களுக்கும் லட்சத்துக்குத் 'தெய்ன்' என்று தனிச் சொல் உண்டு, வாயில் அதையே சொல்லுங்கள். ஆங்கிலத் தாளில் மட்டும் வலமிருந்து மூன்று மூன்றாக 150,000 என்று பிரியுங்கள்.

'ஐ' செய்கிற வேலையைப் பாசிவ் செய்கிறது

ரங்கூன் அனோரத்தா சாலையில் இருக்கிற காளி கோயிலை இங்கே எல்லாருக்கும் தெரியும். தமிழில் இரண்டு விதமாகச் சொல்லலாம்: 'தமிழர்கள் இந்தக் கோயிலை 1871-இல் கட்டினார்கள்.' 'இந்தக் கோயிலை 1871-இல் தமிழர்கள் கட்டினார்கள்.' கோயிலைத் தூக்கி முன்னால் வைத்தாலும் 'ஐ' ஒட்டியே இருப்பதால் கோயில் யாரையும் கட்டிவிடவில்லை என்று தெரிகிறது. பர்மியத்திலும் 'கோ' என்கிற ஒட்டு இதே வேலையைச் செய்யும். ஆங்கிலத்தில் இரண்டும் இல்லை. 'தி டெம்பிள் பில்ட் தமில்ஸ்' என்று இடம் மாற்றினால் கோயில் தமிழர்களைக் கட்டிய கதையாகிவிடும். அப்படியென்றால் கோயிலை முன்னால் வைக்க ஆங்கிலக்காரருக்கு என்ன வழி? வினையை மாற்றுவதுதான்: 'தி டெம்பிள் வாஸ் பில்ட் பை தமில்ஸ் இன் 1871.' பாசிவ் பிறப்பது இங்கேதான்.

அதனால் பாசிவ் என்பது உயர்ந்த ஆங்கிலமும் இல்லை, மரியாதை ஆங்கிலமும் இல்லை. எதைப் பற்றிப் பேசுகிறோமோ அதை முன்னால் கொண்டுவர ஒரு வழி, அவ்வளவுதான். கோயிலின் வரலாறு எழுதுகிறீர்களா? 'தி டெம்பிள் வாஸ் பில்ட்.' ரங்கூனுக்கு வந்த தமிழர்களைப் பற்றி எழுதுகிறீர்களா? 'தமில்ஸ் பில்ட் தி டெம்பிள்.' எதைப் பற்றி என்று முதலில் முடிவு செய்யுங்கள், வாய்ஸ் பின்னால் வரும்.

செய்முறை கஷ்டம் இல்லை. நம் 'படு' காலத்தைச் சுமப்பது போல (கட்டப்படுகிறது, கட்டப்பட்டது, கட்டப்படும்) ஆங்கிலத்தில் 'பி' குடும்பம் காலத்தைச் சுமக்கிறது. டீயை வைத்தே சொல்லிப் பாருங்கள்: 'தி டீ இஸ் மேட்', 'வாஸ் மேட்', 'வில் பி மேட்', 'ஹாஸ் பீன் மேட்', 'இஸ் பீயிங் மேட்'. 'மேட்' அசையவே இல்லை. வினையின் மூன்றாவது வடிவம் எப்போதும் அப்படியே நிற்கும், மாறுவது எல்லாம் அதற்கு முன்னால்தான். கோ, வெண்ட், கான் என்று பள்ளியில் பாடினோமே, அந்த மூன்றாவது வரிசையை இப்போது தூசி தட்டி எடுங்கள்.

இரண்டு எச்சரிக்கை. 'எதை? யாரை?' என்று கேட்டுப் பதில் வராத வினைக்குப் பாசிவ் கிடையாது. 'தி ஆக்ஸிடென்ட் வாஸ் ஹாப்பன்ட்' தப்பு. விபத்து நடந்தது, எதை நடந்தது? பதில் இல்லை. 'தி ஆக்ஸிடென்ட் ஹாப்பன்ட்' போதும். 'கம்', 'கோ', 'டை', 'அரைவ்' எல்லாம் இதே கூட்டம்.

அடுத்தது பர்மிய மீடியத்தில் படித்த பிள்ளைகளுக்கு. பர்மியத்தில் 'கான் யா தே' என்று சொன்னால் ஒருவர் ஏதோ கெட்டதை அனுபவித்தார் என்ற வாசனை வரும்: அடி பட்டார், திட்டு வாங்கினார். நம் 'படு'விலும் அது உண்டு: துன்பப்பட்டான், அவமானப்பட்டான். இந்தப் பழக்கத்தில், நல்ல செய்தியைப் பாசிவில் எழுதப் பிள்ளைகள் தயங்குகிறார்கள். ஆங்கிலப் பாசிவுக்கு அந்த வாசனை கிடையாது. 'ஐ வாஸ் ப்ரமோட்டட்', 'ஐ வாஸ் இன்வைட்டட்', 'ஐ வாஸ் கிவன் எ ப்ரைஸ்' எல்லாம் சந்தோஷச் செய்திகள்தான்.

அப்புறம், அந்தத் தம்பியின் 'ஐ பார்ன் இன் பகோ.' பிறந்தது நான்தானே, எனக்கு எதற்குப் பாசிவ் என்று தோன்றும். 'பார்ன்' என்பது 'பேர்' என்ற வினையிலிருந்து வந்தது, 'பேர்' என்றால் சுமந்து பெறுவது. சுமந்தவள் அம்மா. நாம் பெறப்பட்டவர்கள். அதனால்தான் 'ஐ வாஸ் பார்ன்.' இதை அம்மாவோடு சேர்த்து நினைவில் வைத்தால் 'வாஸ்' மறக்காது.

யார் செய்தது என்று சொல்ல வேண்டிய இடம்

பாசிவில் 'பை' போட்டுச் செய்தவரைச் சொல்லலாம், சொல்லாமலும் விடலாம். செய்தவர் தெரியாதபோது ('மை போன் வாஸ் ஸ்டோலன்'), அல்லது யாராயிருந்தாலும் ஒன்றுதான் என்னும்போது (பகோடா என்கிற புத்தர் கோயில் வாசலில் 'ஃபுட்வேர் இஸ் நாட் அலவ்ட்') விடுவதே சரி. ஆனால் பொறுப்பு யாருடையது என்பதுதான் விஷயம் என்றால் விடக்கூடாது. 1987-இல் அமெரிக்க அதிபர் ரீகன், ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்ற விவகாரத்தைப் பற்றிப் பேசும்போது 'சீரியஸ் மிஸ்டேக்ஸ் வேர் மேட்' என்றார். தப்பு செய்யப்பட்டது. யார் செய்தார்? வாக்கியத்தில் ஆள் இல்லை.

பல வருஷத்துக்கு முன் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுக்காக ஒரு அலுவலகத்துக்கு நான் எழுதிக் கொடுத்த கடிதத்தில் 'தி ஃபார்ம் வாஸ் சப்மிட்டட் அண்ட் தி மணி வாஸ் பெய்ட்' என்று இருந்தது. ஆபீஸ் ஆங்கிலம் அப்படித்தான் இருக்கும் என்று நம்பி எழுதினேன். யார் கட்டியது, எங்கே, எப்போது என்று கேட்டு அவரை மூன்று முறை அலைய வைத்தார்கள். முட்டி வலியோடு அவர் படி ஏறி இறங்கியது இன்னும் மனதில் நிற்கிறது. 'ஐ பெய்ட் 50,000 க்யாட் அட் கவுண்டர் 3 ஆன் மண்டே' என்று எழுதியிருந்தால் ஒரே நடையில் முடிந்திருக்கும். பணம், தேதி, புகார், வாக்குறுதி இந்த நாலும் வருகிற இடத்தில் ஆக்டிவில் எழுதுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது அன்றிலிருந்துதான்.

தினமும் கால் மணி நேரம்

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு, அன்று நடந்த ஐந்து விஷயங்களை ஐந்து ஆங்கில வாக்கியங்களில் எழுதுங்கள். கரண்ட் போனது, பஸ் தாமதம், தங்கை மொஹிங்கா (மீன் குழம்பு ஊற்றிய பர்மிய நூடுல்ஸ்) வாங்கி வந்தது, எதுவும் ஆகும். முதலில் வினைக்கு அடிக்கோடு, எழுவாய்க்கு வட்டம். அடுத்து இரண்டு வட்டங்களுக்கு நடுவே முற்றுப்புள்ளியோ, கமாவோடு இணைப்புச் சொல்லோ, 'இஃப்', 'வென்' மாதிரி ஒன்றோ இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு 'எதை?' என்று கேட்டுப் பதில் வருகிற வாக்கியங்களைப் பாசிவுக்கு மாற்றுங்கள்: 'மை சிஸ்டர் பாட் மொஹிங்கா', 'மொஹிங்கா வாஸ் பாட் பை மை சிஸ்டர்'. இரண்டையும் வாய்விட்டுப் படித்து, எது தங்கையைப் பற்றியது, எது மொஹிங்காவைப் பற்றியது என்று பாருங்கள். அன்றைக்குச் சொல்ல வேண்டியது எதுவோ அதை வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிடுங்கள்.

வாரத்துக்கு ஒரு நாள், பன்சோடான் தெருப் பக்கம் பழைய புத்தகக் கடைகளில் கிடைக்கிற ஏதாவது ஒரு ஆங்கிலப் புத்தகத்தில் ஒரு பத்தியைக் கமா இல்லாமல் எழுதி வையுங்கள். மறுநாள் நீங்களே கமா போட்டு, மூலத்தோடு ஒப்பிடுங்கள். வேறுபடுகிற ஒவ்வொரு இடத்திலும் ஏன் என்று கேளுங்கள். சில இடங்களில் உங்கள் கமாவும் சரியாகவே இருக்கும்.

அந்தத் தம்பியும் நானும் அன்று வகுப்பு முடிந்து உட்கார்ந்து தாளைத் திருத்தினோம். அடிக்கோடும் வட்டமும் அவனே போட்டான். கடைசியில் அவன் கையால் எழுதியது:

"ஐ வாஸ் பார்ன் இன் பகோ. ஆஃப்டர் ஐ ஃபினிஷ்ட் டென்த் ஸ்டாண்டர்ட், ஐ வொர்க்ட் இன் எ டீ ஷாப். ஐ கேன் ஸ்பீக் பர்மீஸ், தமிழ், அண்ட் ஹிந்தி. மை ஃபாதர் இஸ் எ டிரைவர்."

அப்பாவைப் பற்றிய வரி வேலை விண்ணப்பத்துக்குத் தேவையா என்று கேட்டேன். "இருக்கட்டும் சயாமா" என்றான். விட்டுவிட்டேன்.